லீலண்ட் டிராப்னிக்கு முதல் தட்டு

எங்கள் ஊர் டோப்ரியில் யாருக்காவது பெரிய நோய் வந்தாலோ, கொட்டகை எரிந்துபோனாலோ, டிராக்டர் கவிழ்ந்து ஆள் படுத்துவிட்டாலோ, அடுத்த சில வாரங்களில் ஊர் மண்டபத்தில் ஒரு விருந்து நடக்கும். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் இதற்கு 'பெனிஃபிட்' என்று பேர். வாசலில் பழைய பால் கேன் ஒன்று வைத்திருப்பார்கள். அந்தக் குடும்பத்துக்கென்று முடிந்த பணத்தை அதில் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட வேண்டியதுதான். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதுகிற வழக்கம் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் பலகார ஏலம். ஒருவர் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சித் தட்டை ஏலத்தில் எடுத்து, பணத்தையும் கட்டிவிட்டு, "திரும்ப வித்துடுங்க" என்பார். அதே தட்டு மறுபடி ஏலத்துக்கு வரும். யாராவது ஒரு குழந்தை அதில் கைவைத்துத் தின்று தீர்க்கும்வரை அதை விற்றுக்கொண்டே இருப்பார்கள்.

இந்த விருந்துகளுக்கெல்லாம் பன்றி சுட்டவர் லீலண்ட் டிராப்னி.

அவர் அதற்காகப் பிறந்தவர் ஒன்றும் இல்லை. குத்தகை நிலமும் சொந்த மாடுகளும் வைத்துக்கொண்டு பிழைப்பவர். இளவயதில் ஒருநாள், தானியம் ஏற்றும் திருகு இயந்திரத்தில் கை போன ஒருவருக்காக நடந்த விருந்தில், சமைக்க ஒப்புக்கொண்ட ஆள் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான். லீலண்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். அத்துடன் சரி, அந்த வேலை அவர்மேல் ஒட்டிக்கொண்டது. பழைய டீசல் தொட்டி ஒன்றை நீளவாக்கில் அறுத்து, கீல் வைத்து, கீழே இரண்டு சக்கரம் மாட்டி, அடுப்பு ஒன்று செய்தார். பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வருவார். ஓக்கும் முசுக்கட்டையும் அவருடைய ஓடைக்கரையில் வெட்டியவை. விறகுக்குக்கூடக் காசு வாங்கமாட்டார்.

மண்டபத்துக்குப் பின்னால், புகைக்குப் பக்கத்தில்தான் அவருக்கு இடம். கறித் தட்டுகள் பின்வாசல் வழியாக உள்ளே போகும், அவர் போகமாட்டார். ஒரு துண்டை ஈயத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே தின்பார். அவர் மண்டபத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை.

அவருடைய பக்கத்து நிலத்துக்காரர் டுவெய்ன் குச்செரா ஒவ்வொரு விருந்திலும் தட்டோடு பின்பக்கம் வந்து நிற்பார்.

"எல்லாம் சரி. உப்புதான் கம்மி."

"உன் நாக்குல கோளாறு."

இவ்வளவுதான் பேச்சு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதே இரண்டு வாக்கியம்.

நான் பட்டம் வாங்கியபோதும் லீலண்ட்தான் வந்து சுட்டார். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். என் அப்பா தானிய லாரி ஓட்டுகிறவர். மகன் வேளாண் பொருளாதாரம் படித்தான் என்று பெட்ரோல் போடப் போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், இப்போதும் சொல்கிறார், நானும் வேண்டாமென்று தடுப்பதில்லை. பன்றிக்கு என்ன தரவேண்டும் என்று அப்பா கேட்டதற்கு லீலண்ட் சொன்னார்: "உன் பையன் படிச்சதுக்கு பன்னி சுடலைன்னா அப்புறம் எதுக்குத்தான்யா சுடறது?"

அன்று அவருடைய மகள் ஷெல்பியும் வந்திருந்தாள். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. அதே கல்லூரியில்தான் அவளும் படித்தாள். நான் கடன் வாங்கிப் படித்தேன், அவள் இரும்புக் குண்டு எறிந்து வாங்கிய ஸ்காலர்ஷிப்பில் படித்தாள். மாநில அளவில் பேர் வாங்கியவள். அன்று இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"என்ன ஷெல்பி, குண்ட காலுமேலயே போட்டுக்கிட்டியா?" என்றேன்.

"சுளுக்குடா பட்டதாரி. நீ போய் கேக் வெட்டு."

சுளுக்கு இல்லை. கோடை முடிவதற்குள் தெரிந்துவிட்டது. முழங்காலுக்கு மேலே எலும்பில் புற்றுநோய்.

ஒமாஹாவில் கீமோ கொடுத்தார்கள். தலைமுடி போனது. அடுத்தது அறுவை. காலை எடுத்துவிடுவது ஒரு வழி. கெட்ட எலும்பை மட்டும் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் உலோகம் பொருத்திக் காலைக் காப்பாற்றுவது இன்னொரு வழி. அவள் கட்டி இருந்த இடத்தில் அதைச் செய்யத் துணிந்த மருத்துவர் வடக்கே வேறு மாநிலத்தில் இருந்தார். அந்த ஆஸ்பத்திரி டிராப்னி குடும்பத்தின் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இல்லை. கம்பெனி, காலை எடுப்பதென்றால் ஏறக்குறைய முழுச் செலவையும் ஏற்கும். காப்பாற்றுவதென்றால் பாதிகூடத் தராது. மேல்முறையீடு செய்தும் பதில் அதுவேதான். ஆஸ்பத்திரி முன்பணம் கேட்டது. அதைக் கட்டினால்தான் தேதி. தேதி தள்ளிப்போனால் கட்டி வளரும்.

லீலண்ட் மாட்டுச் சந்தைக்கு போன் போட்டு, தன் மாடுகள் மொத்தத்துக்கும் ஏலத்தில் இடம் பிடித்தார். அவர் மனைவி ரோண்டா அன்றே மளிகைக்கடை வெர்னாவுக்கு போன் போட்டாள்.

வெர்னா ஸ்வோபோடா அறுபதைத் தாண்டியவர். எங்கள் ஊரில் விருந்து என்றால் முன்னால் நிற்பவர் அவர்தான். கண்ணில் அறுவை செய்திருந்ததால் அந்த வாரம் அவர் வண்டி ஓட்டக் கூடாது. நான்தான் அவரை டிராப்னி பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லீலண்ட் கொட்டகை வாசலில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். ஷெல்பி பிக்கப்பின் பின்பலகையை இறக்கி அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"லீலண்ட், வர்ற மூணாம் சனிக்கிழமைக்கு மண்டபத்த எடுத்திருக்கேன்" என்றார் வெர்னா.

"யாருக்கு?"

"யாருக்கா? உன் பொண்ணுக்குத்தான்."

"வேணாம் வெர்னா. மாடு இருக்கு. வித்தா தேறும்."

"மொத்தத்தையும் வித்துட்டு அடுத்த வருஷம் என்ன பண்ணுவ? என் கடையில சாமான் அடுக்க வர்றியா? நீ அடுக்குற வேகத்துக்கு பாலெல்லாம் தயிராயிடும்."

லீலண்ட் சிரிக்கவில்லை. "நான் உசுரோட இருக்கறப்ப என் பொண்ணுக்கு ஊர்ல கேன் வைக்கணுமா?"

"டுவெய்ன் பொண்டாட்டி லிண்டா படுத்தப்ப டுவெய்ன் செத்தா போயிட்டான்? கல்லு மாதிரி இருந்தான். அன்னிக்கு பன்னி சுட்டது யாரு?"

"அது வேற."

"என்ன வேற?"

"அது அவன்."

பின்பலகையிலிருந்து ஷெல்பி குரல் கொடுத்தாள்.

"வெர்னா, அவரு கெடக்காரு. நீங்க நடத்துங்க. காலு என்னுது, எனக்கு வேணும். போஸ்டர்ல மட்டும் நல்ல போட்டோவா போடுங்க."

லீலண்ட் மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து டயரைப் பார்த்தார். "நடத்துறதுன்னா நடத்திக்கோங்க. நான் வரமாட்டேன். அன்னிக்கு எனக்கு வேலி வேலை இருக்கு. அதுக்கு அடுத்த செவ்வாக்கிழமை மாடு போகுது."

நல்ல போட்டோவும் அமையவில்லை. வெர்னா முதலில் அவள் கல்லூரிச் சட்டையில் குண்டு எறிகிற படத்தைப் போட்டு அச்சடித்துவிட்டார். கல்லூரி விளையாட்டு வீரர்களின் பேரில் பணம் திரட்டுவதற்கு விதிகள் உண்டு. சட்டையையும் சின்னத்தையும் போடுவதற்கு அனுமதி வர நாளாகும், பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிற வங்கிக் கணக்கில்தான் விழவேண்டும் என்று கல்லூரியிலிருந்து சொன்னார்கள். கணக்குத் தொடங்கிவிட்டோம். படத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. எட்டாம் வகுப்பில் அவள் ஒரு காளைக்கன்றோடு நின்ற படத்தைப் போட்டோம். பல்லில் கம்பி, கன்றின் வாயில் அவள் தொப்பி.

"எனக்கு கேன்சர் வந்தது பத்தாதுன்னு இது வேறயா?" என்று போனில் கத்தினாள். ஆனால் பெட்ரோல் பங்கில் ஒட்டியிருந்த போஸ்டரில் ஒன்றைக் கிழித்து வீட்டுக்கு எடுத்துப் போனதாக ரோண்டா சொன்னாள்.

மண்டபத்தில் உட்கார்ந்து வேலைகளைப் பிரித்தோம். முட்டைக்கோஸ் யார், மாவுருண்டை யார், பீர் யார், ஏலம் யார் என்று வெர்னா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"பன்னி?"

"எப்பவும் போல" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் இறைச்சிக்கடைக்காரன் பன்றியைக் கொண்டுவந்து பின்பக்க மேசையில் கிடத்திவிட்டுப் போனான். டுவெய்ன் மேலே போர்த்திய துணியை விலக்கிப் பார்த்தார்.

"நல்ல பன்னி. அடுப்பு எங்க?"

வெர்னா என்னைப் பார்த்தார். நான் டுவெய்னைப் பார்த்தேன்.

"எப்பவும் அது பாட்டுக்கு வந்துடுமே" என்றார் டுவெய்ன்.

"அடுப்பா வருது? லீலண்ட் கொண்டு வருவான்" என்றார் வெர்னா. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். "அட கடவுளே!"

இத்தனை வருடத்தில் யாரும் லீலண்டைப் பன்றி சுடக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட வேண்டியிருந்ததில்லை. பன்றி என்றால் அவர், அவ்வளவுதான். இந்தத் தடவை விருந்து அவர் வீட்டுக்கே, அதனால் அவர் சுட வரமாட்டார் என்பது போஸ்டர் ஒட்டிய எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்த நானும் தலையாட்டியவன்தான்.

மாவட்டத் தலைநகரில் வாடகைக்கு அடுப்பு விடுபவரிடம் கேட்டோம், கல்யாணத்துக்குப் போயிருந்தது. துண்டுபோட்டு வீட்டு அடுப்புகளில் வேகவைக்கலாமா என்றேன்.

"ஏண்டா பட்டதாரி, ஐந்நூறு பேர் சாப்பாட்டுக்கு என் அடுப்பா? அதுல இதோட ஒரு தொடை நுழையாது" என்றார் வெர்னா.

"நான் போய் கேக்கறேன்" என்றார் டுவெய்ன்.

"குடும்பத்துக்காரன்கிட்ட வேலை வாங்குவியா? நாற்காலிகூட நகர்த்த விடமாட்டோம், அதுதான் முறை."

"அடுப்ப மட்டும் கேக்கறேன். ஆள் யாருக்கு வேணும்?"

நானும் டுவெய்னோடு போனேன். லீலண்ட் கொட்டகைக்கு வெளியே நின்றிருந்தார். அடுப்பும் வெளியே நின்றது. உள்ளே இருந்த கம்பித்தட்டுகள் தேய்த்துக் கழுவி, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டு, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

"என்ன, வேலி போடலையா?" என்றார் டுவெய்ன்.

"போடத்தான் போறேன். இதுல தூசி படிஞ்சிருந்துச்சு. கழுவினேன்."

"குடு, எடுத்துட்டுப் போறேன். நான் சுட்டுக்கறேன்."

"நீயா? போன ஜூலையில கோழிய கரியாக்கினவன்தான நீ?"

"கோழி வேற, பன்னி வேற."

"முழுசாவா கெடக்கு?"

"முழுசாத்தான்."

"இந்நேரத்துக்கு முழுசா போட்டா சாயங்காலத்துக்குள்ள வேகாது. முதுகெலும்ப உள்பக்கமா பொளந்து, விரிச்சுப் போடணும். உனக்கு வருமா?"

"வராது" என்றார் டுவெய்ன் ஒளிக்காமல்.

லீலண்ட் தன் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். கையிலிருந்த குறடைச் சட்டைப் பைக்குள் போட்டார். "நல்ல பன்னிய கெடுக்க விடமாட்டேன். சுட்டுக் குடுத்துட்டு வந்துடுவேன். உள்ள வரமாட்டேன்."

"உன்ன யாரு உள்ள கூப்பிட்டா?"

அன்று பகல் முழுக்க மண்டபத்துக்குப் பின்னால் புகை போய்க்கொண்டிருந்தது. ஊர் ஆண்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் வந்து, நெருப்பைப் பார்த்தபடி மக்காச்சோளத்தின் ஈரத்தையும் விலையையும் பேசிவிட்டுப் போனார்கள். ஷெல்பி பேரை யாரும் எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் கல்லூரியிலிருந்து ஒரு பஸ்ஸில் அவளுடைய அணி வந்து இறங்கியது. குண்டும் வட்டும் எறிகிறவர்கள் மேசைகளை ஆளுக்கொன்றாகத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு பெண் அடுப்புப் பக்கம் வந்து நின்றாள்.

"நீங்கதான் ஷெல்பியோட அப்பாவா? அவ எறியறப்ப ஒரு கத்து கத்துவாளே, அது உங்ககிட்டருந்துதான் வந்துச்சுன்னு சொல்லுவா."

"நான் கத்தமாட்டேன்" என்றார் லீலண்ட் முணுமுணுப்பாக.

"மாடு வேலிய ஒடச்சா கத்துவீங்களாம்."

லீலண்ட் மூடியைத் திறந்து கறியைப் பார்ப்பதுபோல் முகத்தைப் புகைக்குள் கொண்டுபோனார்.

சாயங்காலம் மண்டபம் நிரம்பி வாசலுக்கு வெளியேயும் ஆள் நின்றது. கறித் தட்டுகளை நான்தான் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பாதிரியார் ஜெபம் சொன்னார். விருந்து யாருக்கோ அந்தக் குடும்பம்தான் முதலில் சாப்பிடவேண்டும் என்பது எங்கள் முறை. மேடைக்கு முன்னால் அவர்களுக்கென்று ஒரு மேசை. அவர்கள் உட்கார்ந்து முதல் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் தட்டெடுப்பார்கள். ரோண்டா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னல் தொப்பியோடு ஷெல்பி ஒன்றில். மூன்றாவது காலி.

வெர்னா இரண்டு தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தார். ஷெல்பி தன்னுடையதை நகர்த்திவிட்டாள்.

"அப்பா வரட்டும்."

"அவன் வரமாட்டானாம் கண்ணு."

"அப்ப எனக்கும் பசிக்கல."

வெர்னா திரும்பி, வரிசையைப் பார்த்துக் கையசைத்தார். "எடுங்கப்பா, ஆறுது."

வரிசையின் தலையில் நின்றிருந்த கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "குடும்பம் இன்னும் சாப்பிடல வெர்னா."

அவ்வளவுதான் சொன்னார். அவருக்குப் பின்னால் மண்டபத்தைச் சுற்றி வாசல்வரை போன வரிசையில் ஒரு காலும் நகரவில்லை. குழந்தைகளை அதட்டி நிறுத்தினார்கள். வெளியூரிலிருந்து வந்த அந்த அணிப்பிள்ளைகளில் தட்டை எடுத்திருந்தவர்கள்கூடச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். முட்டைக்கோசின் மேல் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

டுவெய்ன் பின்வாசல் வழியாக வெளியே போனார். காலித் தட்டுகளோடு நானும் போனேன். லீலண்ட் அடுப்பை மூடி, வண்டியோடு கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். ஈயத்தாளில் சுற்றிய துண்டு வண்டியின் மூக்கின்மேல் இருந்தது.

"கறி ஆறுது" என்றார் டுவெய்ன்.

"பரிமாறச் சொல்லு."

"ஒருத்தரும் தட்டெடுக்கல."

"ஏனாம்?"

"ஏன்னு உனக்குத் தெரியும். இத்தன வருஷமா பின்னாடியே நின்னு தப்பிச்சுட்ட."

லீலண்ட் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். அது முன்பே சரியாக மாட்டியிருந்தது.

"லிண்டாவுக்காக அந்த நாற்காலில உக்காந்தப்ப எனக்கு எச்சில்கூட எறங்கல" என்றார் டுவெய்ன். "ஊர் மொத்தமும் வாயப் பாக்குது. எந்திரிச்சு ஓடிடலாம்னு இருந்துச்சு. அப்புறம், வெளிய ஒருத்தன் நாள் பூரா புகையில நின்னானே, தின்னுதான் தொலைப்போம்னு தின்னேன்."

"உப்பு கம்மின்னு வந்து சொன்ன."

"கம்மியாத்தான் இருந்துச்சு."

லீலண்ட் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"உடுப்பெல்லாம் அழுக்கு" என்றார் லீலண்ட்.

"ஏப்ரன கழட்டு. கையக் கழுவு. உன்ன கல்யாணத்துக்கா கூப்பிடறோம்?"

பின்வாசல் வழியாக அவர் உள்ளே வந்தபோது வரிசை மொத்தமும் திரும்பியது. அவர் நடந்த தூரம் அதிகமில்லை. ஆனால் மெதுவாக நடந்தார். யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டார். டுவெய்ன் கறியும் மாவுருண்டையும் முட்டைக்கோசும் வைத்த தட்டை இரண்டு கையாலும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்கப்பா" என்றாள் ஷெல்பி. "எனக்கு நெஜமாவே பசிக்குது."

லீலண்ட் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். நெடுநேரம் மென்றார். கண் நிறைந்து தாடைவரை வழிந்தது. அதை அவர் துடைக்கவில்லை. விழுங்கினார். பிறகு நிமிர்ந்து டுவெய்னைப் பார்த்தார்.

"உப்பு கம்மி" என்றார்.

டுவெய்னுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. அது வரிசை நெடுகப் பரவி வாசலுக்கு வெளியே போனது. என்ன நடந்தது என்று கேட்காதவர்களுக்கும் முன்னால் நின்றவர்கள் சொல்லிச் சொல்லி அனுப்பினார்கள். கிழவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தட்டெடுத்தார். வரிசை நகர்ந்தது.

ஏலத்தில் கொலாச்சித் தட்டு வந்தபோது, மாட்டு ஏலத்துப் பழக்கதோஷத்தில் லீலண்ட் கையைத் தூக்கிவிட்டார். "இன்னிக்கு உன் கை செல்லாது, கீழ போடு" என்றார் ஏலம் போட்டவர். அந்தத் தட்டை அணிப்பிள்ளைகள் சேர்ந்து எடுத்தார்கள். திரும்ப விற்கச் சொல்லவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏறுவதற்குள் தின்றுவிட்டார்கள். வெர்னா அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

திங்கட்கிழமை லீலண்ட் சந்தைக்கு போன் போட்டார். செவ்வாயன்று கிழட்டு மாடுகளை மட்டும் அனுப்பினார், ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அனுப்புவதுபோல. முன்பணம் கட்டியாயிற்று. மீதியெல்லாம் அடைந்துவிட்டது என்று சொன்னால் பொய். இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார். ஷெல்பிக்குக் கால் இருக்கிறது. உள்ளே உலோகம், வெளியே நீளமான தழும்பு. இனி போட்டியில் எறிய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்காலர்ஷிப்பைக் கல்லூரி நிறுத்தவில்லை. ஊன்றுகோலோடு மைதான ஓரத்தில் நின்று, எறிகிறவர்களைப் பார்த்துக் கத்துகிறாள். வருகிற மே மாதம் பட்டம் வாங்குகிறாள். அவர்கள் வீட்டிலும் அவள்தான் முதல் ஆள்.

இந்த வசந்தத்தில் பக்கத்து ஊரில் ஒரு கொட்டகை எரிந்தது. விருந்துக்கு யாரும் கூப்பிடாமலே லீலண்ட் அடுப்பை இழுத்துக்கொண்டு வந்தார். பகல் முழுக்க பின்னால் புகையில் நின்றார். குடும்பம் சாப்பிட்டு, வரிசையும் முடிந்தபிறகு, பின்வாசல் திறந்தது. ஏப்ரனைக் கழற்றாமலே உள்ளே வந்து, மிச்சமிருந்ததில் ஒரு தட்டுப் போட்டுக்கொண்டு, எங்கள் மேசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே டுவெய்ன். லீலண்ட் ஒரு வாய் தின்னும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உப்புக் குப்பியை அவர் பக்கம் நகர்த்தினார்.